முதல் பந்தியில் ஒரு சேலை

வெள்ளை வேட்டிகளுக்கு நடுவில் ஒரு அரக்குச் சேலை. மேக்காலத் தோட்டத்து அக்காவை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது அப்படித்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். வாழ்க்கைப்பட்டது புதுச்சத்திரத்துக்கு மேற்கே, கிணற்றையும் மழையையும் நம்பிக் கிடக்கும் புஞ்சைக் காட்டில். மாமனார் வழி உறவில் ஒரு கல்யாணம். அவர்கள் தோட்டத்திலேயே பந்தல் போட்டு, பந்திப்பாய்களை எதிரெதிராக இரண்டு வரிசை விரித்து, இலை போட்டிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையல் கொட்டகை வாசலில் அப்பளக் கூடையோடு நின்றேன்.

சாம்பார் வாளியோடு வந்த பையன் வரிசையின் நடுவில் திடுக்கிட்டு நின்றான். அங்கே அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர். முப்பத்தைந்து வயசிருக்கும் அக்காவுக்கு. ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி. பையன் வாளியைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான், அக்காவைத் தாண்டிப் போகலாமா என்று என் மாமனாரைப் பார்த்தான்.

"ஏஞ் சாமி, என்ற எலை என்ன ஓட்டையா? ஊத்து" என்றார் அக்கா.

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பையன் ஊற்றிவிட்டு ஓடினான். அக்கா சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் தின்று, கண்ணை மூடித் திறந்து, "பெருங்காயம் பத்தல" என்று எதிர் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குக் கூடை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்திக்கு ஒரு வரிசை உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்திருந்தாலாவது கிழித்துப் போட்டிருக்கலாம். முதலில் சம்பந்தி வீட்டு ஆண்கள், ஊர்ப் பெரியவர்கள். அடுத்து நம் வீட்டு ஆண்கள். பிறகு பிள்ளைகள், வண்டி ஓட்டி வந்தவர்கள், மேளக்காரர்கள். அதற்கும் பிறகுதான் பெண்கள். விடிந்ததும் விடியாததுமாக வந்து காய் அரிந்து, தேங்காய் துருவி, சீர்த்தட்டு தூக்கி, வந்தவர்களை வாங்க வாங்க என்று கேட்டு நின்ற பெண்கள். எங்கள் முறை வரும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். வடை தீர்ந்திருக்கும். சாம்பாரில் வெந்நீர் கலந்திருக்கும். பாயசம் என்று அண்டாவைச் சுரண்டி ஊற்றுவார்கள். ஜவ்வரிசி கட்டியாகி, கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். "வந்தவீங்க வவுறு நெறஞ்சாப் போதுமுங்க, நம்முளுக்கு என்ன" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். மனசாரச் சொன்னேன் என்று இப்போதும் சத்தியம் செய்ய முடியாது.

இந்த வரிசையைக் காபந்து பண்ணுகிறவர் என் மாமனார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி மேற்பார்வை அவருடையதுதான். தோளில் துண்டு, கையில் ஒரு விசிறி. யாரை எங்கே உட்கார வைப்பது, எந்த இலைக்கு முதலில் பரிமாறுவது என்பதெல்லாம் அவர் விசிறி காட்டும் திசையில் நடக்கும். ஒரு இலையில் கூட்டு விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார். அவர் மேற்பார்வையில் யாரும் வயிறு நிறையாமல் எழுந்ததில்லை என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் ஆண்கள்.

அக்காவின் தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே அடுத்தது. வரப்பு ஒன்றுதான் நடுவில். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, எனக்குத் தெரியும். எழுதினால் அவர் மகள் கோபித்துக்கொள்வாள். எங்களுக்கெல்லாம் அவர் மேக்காலத் தோட்டத்து அக்கா. அது போதும்.

அவர் வீட்டில் அவரும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவர் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வட்டில். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் மோர் கடன் வாங்கப் போன என் மாமியார் இதைப் பார்த்துவிட்டார். மோரை மறந்து, வெறும் சொம்போடு திரும்பி வந்து, திருட்டைக் கண்டவர் மாதிரி மூச்சிரைக்கச் சொன்னார்.

"ரெண்டு பேரும் எதுத்தாப்பல உக்காந்து திங்கறாங்க. அவன் எந்திரிச்சுப் போயி இவளுக்குத் தண்ணி மோந்துட்டு வாரான். இந்தக் கண்ணுல பாத்தேன்."

"தண்ணி தானுங்க அத்தை" என்றேன்.

"இன்னைக்குத் தண்ணி" என்றார் மாமியார். அதற்கு மேல் என்ன ஆபத்து வரும் என்று அவர் சொல்லவில்லை.

அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசினால் நாலு வார்த்தை, அதில் இரண்டு வெள்ளாமையைப் பற்றி. அவரை ஊரில் எத்தனையோ விதமாகக் கேலி பேசினார்கள். பொண்டாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்றார்கள். டீக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாராம்.

எல்லா நாளும் அது சிரிப்பாகவே முடிந்துவிடவில்லை. ராசிபுரத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுருங்குகிறது.

வழக்கம்போல அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்தார். அன்றைக்கு என் மாமனார் முடிவோடு வந்திருந்தார். பரிமாறுகிறவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, "அந்த எலையத் தாண்டிப் போங்க. ஒரு பருக்கை உழுவக் கூடாது" என்று சொன்னதை நான் கேட்டேன். அப்படியே நடந்தது. பொரியல் வந்தது, தாண்டிப் போனது. சோறு வந்தது, தாண்டிப் போனது. இரண்டு பக்கமும் இலைகள் நிறைந்திருக்க, அக்காவின் இலை மட்டும் பச்சையாகக் கிடந்தது. தெளித்த தண்ணீர் அதில் முத்து முத்தாக நின்றது. அக்கா அசையவில்லை. எல்லா இலைக்கும் சாம்பார் விழுந்ததும் மாமனார் விசிறியைத் தூக்கி, "சாப்புடலாமுங்க" என்றார். எல்லாரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தார். கொட்டகை வாசலில் நான் நின்றேன். என் கையில் சாம்பார் வாளி. பரிமாறுகிற பையனுக்கு நிறைத்துக் கொடுப்பதற்காக வைத்திருந்தேன்.

"அம்மிணி, அந்த வாளிய இங்க கொண்டா" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். பத்தடி தூரம். நான் மாமனாரைப் பார்த்தேன். மாமியாரைப் பார்த்தேன். அப்புறம் வாளியோடு திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

உள்ளே நின்றுகொண்டு தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணன் இன்னும் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, சோறு சிந்தாமல், மெதுவாக அக்காவின் முன்னால் நகர்த்தினார். அக்காவின் வெற்று இலையை இழுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார். பிறகு கையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, என் மாமனாரைப் பார்த்தார்.

முதல் பந்தியில் ஒரு ஆண்பிள்ளை வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாமனாரின் முப்பது வருஷ மேற்பார்வையில் அப்படி நடந்ததில்லை. எதிர் வரிசையில் கைகள் நின்றன. யாரோ, "ஏனுங்க, அங்க சோறு வரலீங்களா?" என்று கேட்டேவிட்டார்கள். மாமனாருக்கு முகம் கறுத்தது. விசிறியை அண்ணன் பக்கம் ஆட்டினார். சோறு வந்தது, எல்லாம் வந்தது. அக்கா அதற்குள் பாதி சாப்பிட்டிருந்தார். "அப்பளம் இங்க வரல, சாமி" என்று கேட்டும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் இலையைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் மறுநாள் கிணற்றடியில் என்னைப் பார்த்தபோது ஒன்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாளி கனமா இருந்துச்சா அம்மிணி?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு பிடிவாதத்துக்கு ஏதோ பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். சின்ன வயதில் பட்டினி கிடந்திருப்பார், கூடப் பிறந்த யாரோ பந்தியில் மயங்கி விழுந்திருப்பார்கள் என்றெல்லாம் நானே கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு மாசியில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். அக்கா செடியை உதறிக்கொண்டே சிரித்தார்.

"பசிச்சுது, உக்காந்தேன். பசிக்கறதுக்குக் காரணம் கேக்கற பாரு. உன்ற மாமனாரு உக்காரையில ஏனுங்க உக்காந்தீங்கன்னு எவளாச்சும் கேட்டிருக்கறாளா?"

"இல்லீங்க்கா, மொத மொதல்ல எப்புடித் தைரியம் வந்துச்சு?"

அக்கா அடுத்த செடியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"என்ற கண்ணாலத்தன்னைக்கு நான் சாப்புடறப்ப மணி அஞ்சு. கண்ணாலப் பொண்ணுக்கு. சோறு வெறச்சுப் போயிக் கெடக்குது. எல்லாரும் சாப்புட்டாச்சா, எல்லாரும் சாப்புட்டாச்சான்னு ஒருத்தரு மாத்தி ஒருத்தரு கேட்டுட்டே இருந்தாங்க. எல்லாரும் சாப்புட்டாச்சுன்னு ஒருத்தரு மாத்தி ஒருத்தரு சொல்லிட்டே இருந்தாங்க. அந்த எல்லாருல நான் இல்லவே இல்ல. அத நெனச்சு நெம்ப நாளு சிரிச்சுட்டு இருந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. என் கல்யாணத்தன்று நான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

அவரைத் தெய்வம் மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும். வாய் பொல்லாதது. எங்கள் வீட்டு ஆடு வரப்பைத் தாண்டி ஒரு சோளத்தட்டைக் கடித்தால் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். எந்த விருந்துக்குப் போனாலும் குறை சொல்லாமல் கை கழுவ மாட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பந்தி முதல் கடைசிப் பந்தி வரை எங்கள் எச்சில் இலைகளை எடுத்துப் போட்ட பெண்கள் இருந்தார்கள். கடைசியில் கொட்டகைக்குப் பின்னால் தூக்குப் போசியை நீட்டி மிச்சம் வாங்கிப் போவார்கள். அவர்களுக்குப் பந்தியே கிடையாது. அக்காவின் கண் அந்தப் பக்கம் போனதாக எனக்கு நினைவில்லை. என் கண்ணும் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் அவரே என்னைத் திட்டுவார்.

என்னிடமும் அவர் கருணை காட்டியதில்லை. மூத்தவள் வயிற்றில் ஆறு மாதம். ஒரு கல்யாணத்தில் பெண்கள் முறைக்காகக் காத்து, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முதல் பந்திக்குப் போகிற வழியில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா, என்ற பக்கத்துல உக்காரு."

"பரவால்லீங்க்கா. எனக்குப் பசிக்கல."

"வவுத்துல இருக்கறது உன்ற காதுல வந்து சொல்லுச்சா?"

நான் கையை விடுவித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நல்லவ, பொறுமைசாலின்னு பேரு வாங்கறதுக்கு நிக்கறேன்னு நெனச்சுக்காத அம்மிணி. நீ பயந்துட்டு நிக்கற. நீங்க அத்தன பேருமே பயந்துட்டு நிக்கறீங்க."

அவர் போய் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார். நாங்கள் நின்று அவரை வாயாரத் திட்டினோம். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு ஆறேழு மாதம் போகவில்லை. குழந்தை பிறந்து பார்க்க வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கி, "பொட்டப்புள்ளயா? நல்லாத் தின்னு சாமி" என்று மட்டும் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே மகள். மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம், சொந்தமாக ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். ஆந்திரா வரைக்கும் போய்ப் போர் போட்டுவிட்டு வருகிறவர்கள். பெரிய இடம். எல்லாரும் சொன்னார்கள், இந்த ஒரு தடவை மேக்காலத் தோட்டத்துக்காரி அடங்கித்தான் ஆக வேண்டும் என்று. அவளே பெண்ணைப் பெற்றவள். முதல் பந்தியில் உட்கார முடியாது, எல்லாரையும் உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். என் மாமியாருக்கு அதில் ஒரு திருப்தி.

கல்யாணத்துக்கு முதல் நாள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

"ரெண்டு வரிசை பாய் போடச் சொல்லியிருக்கறேன். ஒண்ணு ஆம்பளைங்களுக்கு, ஒண்ணு பொம்பளைங்களுக்கு. எதிரெதிரா. மொதப் பந்தியே."

எனக்குக் கையிலிருந்த அச்சு நின்றது. "சம்பந்தி ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டா என்னங்க்கா பண்ணுவீங்க?"

"கால்ல உழுந்து கூட்டியாருவேன்."

"நீங்களா?"

"புள்ளைக்கோசரம் உழுவேன். அவ போற ஊட்டுல காலம் பூராவும் இதச் சொல்லிச் சொல்லிக் குத்துவாங்களேன்னு எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. மூணு நாளாத் தூக்கமில்ல." முறுக்கைத் திருப்பிப் போட்டார். "ஆனாப் பாய மடிக்க மாட்டேன் அம்மிணி. என்ற கண்ணாலத்துல வெறச்ச சோறு தின்னேன். என்ற புள்ள கண்ணாலத்துலயும் பொம்பளைங்க வெறச்ச சோறுதான் திங்கோணும்னா நான் இத்தன வருசம் உக்காந்தது என்ன, சும்மா என்ற வவுத்துக்கா?"

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பாய் விரித்தார்கள். ஒரு வரிசை ஆண்களால் நிறைந்தது. எதிர் வரிசையில் முப்பது இலை, தண்ணீர் தெளித்து, ஆள் இல்லாமல் கிடந்தது. இலைகள் பரமத்தி வேலூரிலிருந்து வந்தவை, அகலமான இலைகள். காற்றில் அவற்றின் ஓரம் தூக்கித் தூக்கி அடங்கியது.

அக்கா ஒவ்வொரு பெண்ணாகப் போய்க் கூப்பிட்டார். "வாங்க அத்தை." "வா கண்ணு." "எந்திரிங்க சின்னம்மா." ஒவ்வொருவரும் சிரித்தோம். "நீங்க மொதல்ல உக்காருங்க" என்று பக்கத்திலிருப்பவரைக் காட்டினோம். தட்டியோடு தட்டியாக ஒட்டி நின்றோம். நானும்தான். ஒல்லியான அந்த உருவம் அங்கும் இங்கும் ஓடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மட்டும் உட்கார முடிந்திருந்தால் இந்த அவஸ்தையே இல்லை. பெண்ணைப் பெற்றவள் விருந்தாளிக்கு முன்னால் இலையில் உட்கார முடியாது.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். வாட்டசாட்டமான மனிதர்.

"இதென்னங்க கூத்து? உங்க பொம்பளைங்களே உக்கார மாட்டேங்கறாங்க. அந்தப் பாயச் சுருட்டிப் போட்டுட்டு ஆம்பளைங்களுக்குச் சோத்தப் போடறதுன்னாப் போடுங்க. இல்லீன்னா எங்க வண்டி கெளம்புது. பொண்ணு மட்டும் வந்தாப் போதும்."

மேடையில் மாலையோடு நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கை கூப்பினார். அத்தனை வருஷத்தில் பேச்சு வராமல் நின்ற அக்காவை நான் பார்த்ததில்லை. என் மாமனார் விசிறியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசைப் பாயின் ஓரத்தைப் பிடிக்கக் குனிந்தார்.

நான் போய் உட்கார்ந்தேன்.

தைரியம் வந்து உட்காரவில்லை. அந்தப் பாயை அவர் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால், ஆயுசுக்கும் கொட்டகைக்குள்ளேயே நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். என் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். குனிந்திருந்த மாமனார் அப்படியே என்னைப் பார்த்தார். என் கண்ணுக்கு நேரே அவர் கண். அதற்கு முன்னால் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை. "எந்திரி" என்றார், வாய்க்குள். நான் எழவில்லை.

பச்சைப் பட்டுக் கட்டிய ஒரு அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. அவர் என் மற்றொரு பக்கத்து இலைக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தார்.

"காத்தால இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆரு மொதல்ல உக்காருவாங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்" என்றார் என்னிடம். பிறகு அந்தப் பெரியப்பாவைப் பார்த்து, "மாமா, நீங்களும் உக்காருங்க. சோறு ஆறுது" என்றார்.

அதற்கப்புறம் வரிசை நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து வர அவர் ஆட்கள் யாரும் தயாராக இல்லை. பசி அவருக்கும் இருந்ததுதானே, உட்கார்ந்தார். மாமனார் பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நிறைந்த இலை, வெற்று இலை என்று பழகிய கண் அது. ஆள் உட்கார்ந்த இலை முப்பது வெறுமனே கிடப்பது அவருக்கே பொறுக்கவில்லை போலும். "என்னடா பாத்துட்டு நிக்கறீங்க, போடுங்கடா" என்று பரிமாறுகிறவர்களைக் கத்தினார். அதோடு சரி. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

சாம்பார் வாளியை அக்காவே தூக்கிக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்ததும் நின்றார். நான் குழி பண்ணாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஏன், உன்ற எலையும் ஓட்டையா?" என்றார். ஊற்றினார். கல்யாணப் பந்தியில் வடை சூடாக இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பக்கத்தில் அந்தப் பச்சைப் பட்டு அம்மா மூன்று வடை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அக்கா இல்லை, அண்ணனும் இல்லை. அவர் மகளை அந்த வீட்டில் யாரும் குத்திக் காட்டவில்லையா என்று கேட்டால், காட்டத்தான் செய்தார்கள். ஆனால் தன் மாமியார் தன் பக்கம் நின்றார் என்று அவளே ஒருமுறை சொன்னாள். கல்யாணங்களுக்குப் போனால் மேஜை நாற்காலியில் எல்லாரும் கலந்து உட்காருகிறார்கள். என் பேத்தி போனைப் பார்த்துக்கொண்டே முதல் பந்தியில் போய் உட்காருகிறாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை. எனக்கு மட்டும் இலையில் முதல் கரண்டி சாம்பார் விழும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பந்தல் நினைவுக்கு வரும்.

அன்றைக்கு மீதி இருந்ததையும் சொல்லி முடிக்கிறேன். பந்தி பந்தியாக எல்லாரும் சாப்பிட்டு, வண்டிகள் கிளம்பி, பெண்ணை அனுப்பிவைத்த பிறகு மணி நாலு ஆகியிருந்தது. பந்தலின் கடைசியில் அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு இலை. இரண்டிலும் சோறு போட்டு, தொடாமல் வைத்திருந்தார்.

"அண்ணா, நீங்க இன்னுமா சாப்புடல?"

"அவ வரோணும்" என்றார்.

அக்கா வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. உட்கார்ந்து சோற்றில் கை வைத்தவர் ஒரு நொடி நின்றார். காலையில் வடித்த சோறு. அவர் வருஷக்கணக்காகத் தொட மாட்டேன் என்று சண்டை போட்ட அதே விறைத்த சோறு.

"இருங்க்கா, நான் சாம்பாரச் சூடு பண்ணிக் கொண்டாரேன்" என்றேன்.

"உடு அம்மிணி. எனக்கு ஒண்ணும் பெருசாப் பசிக்கல" என்றார் அக்கா.

யார் வாயிலிருந்து என்ன வார்த்தை! நான் நின்று அவரைப் பார்த்தேன். அவருக்கும் அது உறைத்துவிட்டது; கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கொட்டகைக்குள் போனேன். சமையல்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். தணலைக் கிளறி, இரண்டு விறகு வைத்து ஊதினேன். புகை கண்ணில் ஏறியது. அண்டா அடியில் இருந்த சாம்பார் கொதி வந்ததும் வாளியில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன். தட்டியோரம் நின்ற மாமியார் பார்த்தார். பார்க்கட்டும். கொட்டகை வாசலிலிருந்து அக்காவின் இலைக்குப் பத்தடி தூரம் இருக்கும்.

அக்கா சோற்றில் குழி பண்ணிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வாளி கனமா இருக்குதா அம்மிணி?"

"கனந்தானுங்க்கா" என்றேன். குனிந்து ஊற்றினேன்.